ஃப்ளாப்பி அக்கா சரிசெய்த தப்பு

அந்தத் தெருவில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. தபால்காரர்கூட "ஃப்ளாப்பி அக்கா, ஒரு கையெழுத்து" என்றுதான் வாசலில் நின்று குரல் கொடுப்பார். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, பிரித்து, துடைத்து, மறுபடி ஓடவைத்து விற்பது அவள் தொழில். பென் டிரைவெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, கோப்புகளைச் சேமித்து வைக்க மெல்லிய காந்தத் தட்டு ஒன்று இருந்ததே, கறுப்பு உறைக்குள், கையில் பிடித்தால் வளைந்து கொடுக்குமே, அந்த ஃப்ளாப்பிகள் அவள் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழுதான எதையும் பார்த்துவிட்டுச் சும்மா வரமாட்டாள். கல்யாண வீட்டில் ஆடுகிற நாற்காலியில் உட்காரவைத்தால் போச்சு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். குனிந்து, பத்திரிகையின் உறையை மடித்து, காலுக்குக் கீழே சொருகிக்கொண்டிருப்பாள். பல் வைத்தியரிடம் போய் வாயைப் பிளந்துகொண்டு படுத்தவள், அவருடைய விளக்கு ஏன் மினுக்குகிறது என்று அந்த வாயாலேயே கேட்டிருக்கிறாள். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் சொல்வார், "நல்லவேளை, எனக்குச் சீக்கிரமே வழுக்கை விழுந்துச்சு. முடி இருந்திருந்தா வகிடு கோணல்னு தூங்கும்போது சீப்பு எடுத்துட்டு வந்திருப்பா." அவள் சிரித்துக்கொள்வாள். சொல்லட்டுமே, உண்மைதானே.

தொழிலுக்கு வந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்கப் பெயரும் முகவரியும் தட்டச்சு செய்கிற வேலையில் இருந்தாள். ஒருநாள் அலுவலகத்துக்குப் புது இயந்திரங்கள் வந்து இறங்கின. பழையவற்றை லிப்ட் பக்கத்தில் செங்கல் போல அடுக்கி, பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் போய் ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஓடின. அவளுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. பாசம், பழைய ஞாபகம் என்று யாரும் கதை கட்ட வேண்டாம், அந்தப் பெட்டியின் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குக் கழுத்து வலிக்கும். ஆனால் கெடாத பொருளைக் குப்பையில் போடுவது அவளுக்கு ஆகவே ஆகாது. ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தாள். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். அந்த பஸ்ஸை ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அவரைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள்.

இப்போது முன்னறை முழுக்கப் பட்டறை. சுவரோரம் தட்டு வைத்த இரும்பு அலமாரிகள், ஜன்னலடியில் நீளமேசை, மேசைமேல் கம்பிகளைப் பற்றவைக்கிற சூட்டுக்கோல், பஞ்சு, பல் துலக்கும் பிரஷ், வினிகர் பாட்டில். மொட்டைமாடியில் மஞ்சளேறிப்போன பிளாஸ்டிக் மூடிகள், முடியை வெளுக்கிற அழகுநிலையக் களிம்பைப் பூசிக்கொண்டு, வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு பிற்பகல் வெயிலில் மூடி பழையபடி வெள்ளையாகிவிடும். அழகுநிலையத்துக்காரி மாதாமாதம் இவளுக்கு டப்பா டப்பாவாகக் களிம்பு விற்றுவிட்டு, இவள் தலைமுடியை மட்டும் சந்தேகமாகப் பார்ப்பாள்.

வாங்குகிறவர்கள் பலதரம். சினிமாவுக்கு செட் போடுகிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கு ஓடவே வேண்டாம், விளக்கு எரிந்தால் போதும். சேகரிக்கிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கு ஒரு திருகாணிகூட அந்தக் காலத்ததாக இருக்கவேண்டும். மூன்றாவது ரகம்தான் அவளுக்குப் பிடித்தது. கடைசல் பட்டறை, அட்டைப்பெட்டி வெட்டுகிற இடம், எடைமேடை இப்படி எங்கோ ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் இன்னும் பெரிய இயந்திரத்தை ஆட்டிவைத்துக்கொண்டிருக்கும். அது படுத்தால் எல்லாம் படுக்கும். அவர்கள் மூச்சிரைக்க வருவார்கள், திரும்பிப்போகும்போது முகம் வேறாக இருக்கும்.

இந்தத் தொழிலில் அவளுக்கு ஒரு போட்டியாளரும் உண்டு, கூடப்பிறந்த அண்ணன். போட்டி என்றுகூடச் சொல்லக்கூடாது, எதிர்த்துருவம். அவர் சேர்ப்பதெல்லாம் கடையிலிருந்து வந்தபடியே, கண்ணாடித்தாள் சுற்று பிரியாமல் இருக்கும் பழைய மென்பொருள் பெட்டிகள். தொடுவதற்குக் கையுறை, அந்த அறைக்குத் தனிப் பூட்டு, ஜன்னலுக்கு எந்நேரமும் திரை. "உள்ள என்ன இருக்குன்னு பார்க்கமாட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், "பார்த்தா அது வேற பொருளாயிடும்" என்பார். பஸ் ஓட்டுகிறவர் தன் மைத்துனருக்கு வைத்த பெயர் சீல் மச்சான்.

ஒருமுறை அவள் அவருடைய பெட்டி ஒன்றைத் திறந்துவிட்டாள். யாருக்கோ அவசரமாக ஒரு வரைபடம் தேவைப்பட்டது, அது உள்ளே இருக்கும் கையேட்டில் இருந்தது, அண்ணன் ஊரில் இல்லை, அண்ணி சாவியைக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அண்ணன் ஒரு வருடம் பேசவில்லை. பிறகு அண்ணிதான் இருவரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ராசியாக்கினாள். அதற்குப் பிறகும் அவர் வீட்டில் அந்த அறைப் பக்கம் அவள் திரும்பினாலே அவர் இருமத் தொடங்கிவிடுவார்.

பேட்ஜ்காரம்மா வந்தது ஒரு காலைவேளை. காய்கறி வாங்கப் போகிற சக்கரப் பையில், போர்வை சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவது போல ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். அறுபது தாண்டிய, மெலிந்த, நிமிர்ந்த அம்மாள்.

"ஏம்மா, நீதான் ஃப்ளாப்பியா?"

"ஆமாம்மா. உள்ள வாங்க."

"இது எழுந்திருக்க மாட்டேங்குது. நாலு நாளா தட்டிப் பார்த்தாச்சு, திட்டிப் பார்த்தாச்சு. என் மருமக அழுதும் பார்த்துட்டா."

பள்ளிக்கூடச் சட்டைப்பைகளிலும் காவலாளிகளின் தோளிலும் தைக்கிற பேட்ஜுகளை அந்தம்மாவும் மருமகளுமாகப் போட்டுக்கொடுத்தார்கள். பல ஊசிகள் வைத்த எம்பிராய்டரி இயந்திரம் ஒன்று, அதற்கு எந்த நிறத்தை எங்கே குத்து என்று கட்டளை கொடுக்க இந்தக் கம்ப்யூட்டர். டிசைன்கள் எல்லாம் அந்தம்மா வருடக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் போட்டுவைத்தவை. அவற்றைத் திறக்கக்கூடிய ஒரே மென்பொருள், பெட்டியோடு வந்த ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. அதைச் செய்த நிறுவனம் கடையை இழுத்து மூடிப் பல காலம் ஆயிற்று. பள்ளி திறக்கப்போகிற நேரம். குடும்பம் மொத்தமும் அந்தச் சக்கரப் பைக்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

"ஒரு வாரம் குடுங்கம்மா" என்றாள் அக்கா. அந்தம்மா ஃப்ளாப்பியையும் கையில் கொடுத்தார், ஓடுகிறதா என்று பார்க்க.

கம்ப்யூட்டர் எளிதாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி கசிந்து, பச்சையாகப் பூத்து, பலகையில் இரண்டு கோடுகளை அரித்திருந்தது. வினிகர் வைத்துத் துடைத்தாள், முடி போல இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தாள், மின்சாரம் கொடுத்தாள். திரை முழித்துக்கொண்டது. ஃப்ளாப்பியைப் போட்டாள், மென்பொருள் திறந்தது, ஒரு சிங்கத்தலை பேட்ஜ் வந்து நின்றது. வேலை முடிந்தது. அங்கேயே எழுந்து போயிருக்கலாம். போயிருந்தால் எனக்கும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

ஃப்ளாப்பி பழசு, எப்படி இருக்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. தன்னுடைய சோதனைக் கருவியை ஓடவிட்டாள். தட்டு முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நல்ல கட்டத்துக்குப் புள்ளியும் கெட்ட கட்டத்துக்குப் பெருக்கல் குறியும் போடுகிற கருவி. புள்ளி, புள்ளி, புள்ளி என்று வந்தது. கடைசி வரிசையில், முடிவிலிருந்து மூன்றாவதாக, ஒரு பெருக்கல் குறி.

சோற்றில் ஒரு கல் மாதிரி அது அவளை உறுத்தியது.

இவ்வளவு வருடம் சுழன்ற தட்டில் ஒரே ஒரு கெட்ட கட்டம். இன்றைக்கு ஒன்று, நாளைக்குப் பத்தாகும். சரிசெய்து கொடுத்தால் அந்தம்மா நிம்மதியாக இருப்பார். முதலில் இன்னொரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் பொறுப்பில்லாதவள் இல்லை. பிறகு அசலை எடுத்தாள். உறையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் யாரும் அந்தத் தட்டில் எதையும் எழுத முடியாது. தொடாதே என்பதற்கு அந்தத் தொழிலில் அதுதான் அடையாளம். அந்தம்மாவின் ஃப்ளாப்பியில் அது ஒட்டியிருந்தது. அக்கா நகத்தால் அதைக் கிளப்பி உரித்தாள். சரிசெய் என்று கருவிக்குக் கட்டளை கொடுத்தாள். அது கடைசி வரிசையை மொத்தமாகப் புதிதாக எழுதியது. பெருக்கல் குறி போய், புள்ளி வந்தது. அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. தேநீர் போட்டுக் குடித்தாள்.

சாயங்காலம் கடைசியாக ஒருமுறை மென்பொருளைத் திறந்து பார்த்தபோது, திரையில் ஒரே வரிதான் வந்தது. அசல் தட்டைப் போடவும்.

"அசல்தானே போட்டிருக்கேன்" என்று அவள் திரையிடம் சொன்னாள். மறுபடி போட்டாள். துடைத்துப் போட்டாள். நகலைப் போட்டாள். அதே வரி. மூன்றாவது நான்காவது தடவையில்தான் மண்டையில் உறைத்தது.

திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்தில் சில நிறுவனங்கள் செய்த வேலை அது. விற்கும்போதே தட்டில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே கெடுத்துவைப்பார்கள். நகல் எடுத்தால் கோப்புகள் எல்லாம் வரும், அந்தக் கெட்ட கட்டம் மட்டும் வராது. மென்பொருள் திறந்ததும் முதல் காரியமாக அந்த இடத்துக்குப் போய், கெட்டிருக்கிறதா என்று பார்க்கும். கெட்டிருந்தால் அசல், உள்ளே வா. நன்றாக இருந்தால் நகல், வெளியே போ. அவள் இதைக் கேள்விப்படாதவள் இல்லை. விளையாட்டு மென்பொருள்களில் பார்த்தும் இருக்கிறாள். தையல் போடுகிற மென்பொருளில் எவன் பூட்டு வைப்பான் என்று நினைக்காமல் போனாள். பழுது என்று அவள் நீக்கியது பழுதே இல்லை, சாவி.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார்.

"வரும்போதே அந்தத் தட்டு கெட்டுப்போயிருந்துச்சுன்னு சொல்லிடு. பழசுதானே, யாருக்குத் தெரியப்போகுது?"

அது எவ்வளவு எளிது என்று அவளுக்கும் தெரியும். அந்தம்மா நம்புவார், "உன் தப்பு என்னம்மா இருக்கு" என்றுகூடச் சொல்லுவார். அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு எப்படி நிற்பது என்றுதான் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நீ சொல்லமாட்டே" என்றார் அவர், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது. "சும்மா சொல்லிப் பார்த்தேன்."

மறுநாள் அவளே தேடிக்கொண்டு போனாள். டயர் கடைக்கு மேலே ஒரே அறை. படியேறும்போதே ரப்பர் வாசனை கூடவே ஏறிவந்தது. நடுவில் அந்த எம்பிராய்டரி இயந்திரம் துணி போர்த்தி நின்றது. சுவர் நிறைய நூல்கண்டுகள். மருமகள் தரையில் உட்கார்ந்து முடிந்த பேட்ஜுகளில் தொங்கும் நூல்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்பதையும், தட்டைத் தான் தொட்டதையும், தொட்டதால் என்ன ஆனது என்பதையும். ஒட்டுத்தாளை உரித்ததையும் விடவில்லை.

அந்தம்மா கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"நான் கம்ப்யூட்டரைத்தானே சரிபண்ணக் குடுத்தேன்?"

"ஆமாம்மா."

"தட்டை யாரு சரிபண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லலைம்மா."

மருமகள் எழுந்துவிட்டாள். "அப்போ நம்ம டிசைன் எல்லாம், அத்தை?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு" என்றார் மாமியார். "கதவுதான் திறக்காது." பிறகு அக்காவைப் பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு. அந்தம்மா திட்டவில்லை. "என்ன செய்யப்போறே?" என்று மட்டும் கேட்டார்.

"ஏதாவது வழி பண்ணிட்டுத்தான் உங்க முகத்துல முழிப்பேன்" என்றாள். சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது, என்ன வழி என்று தனக்கே தெரியாதது நினைவுக்கு வந்தது.

வழி என்று ஒன்று இருந்தால் அது ஒரே இடத்தில்தான் இருந்தது. அதே மென்பொருள், அதே பதிப்பு, பிரிக்காத பெட்டி ஒன்று அண்ணனுடைய அலமாரியில் இரண்டாம் தட்டில் இருந்தது. அவளுக்கே தெரியும், அண்ணன் அதைக் காட்டிப் பெருமையடித்தபோது அவள் கொட்டாவி விட்டிருக்கிறாள்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்கக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன கேட்கப்போகிறாள் என்று பாதியிலேயே புரிந்துவிட்டது.

"இந்த ஊர்லயே அது ஒண்ணுதான் இருக்கு. வேற எங்கேயும் பிரிக்காதது இருக்கான்னுகூடத் தெரியாது."

"தெரியும் அண்ணே."

"பிரிச்சா முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அது வெறும் அட்டைப்பெட்டி."

"தெரியும்."

"முன்னாடி ஒண்ணு திறந்தியே."

"அதுவும் தெரியும் அண்ணே. நான் கேட்கத்தான் வந்தேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, போயிடறேன்."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. இருமினார். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "வருஷத்துக்கு ரெண்டு தடவை தூசி தட்டுறதைத் தவிர அந்தப் பெட்டிங்களால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். கையில் துவாலை சுற்றிய பெட்டி. உட்காராமல் மேசைமேல் வைத்தார்.

"அன்னைக்கு நீ கேட்காம திறந்தே. அதுதான் எனக்குக் கோபம். பெட்டி போனதுகூட இல்லை. இந்தத் தடவை கேட்டுட்டே. நான் என்ன பண்றது?"

அக்கா அண்ணன் பக்கம் பார்க்காமல், பேட்ஜ்காரம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். சக்கரப் பையையும் போர்வையையும் அன்றைக்கே இங்கே விட்டுப்போயிருந்த அந்தம்மா, வெறுங்கையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

கண்ணாடித்தாளை அண்ணனே வெட்டினார். மெல்லிய கத்தி, ஓரத்தில் ஒரே இழுப்பு. தாள் சுருண்டு விழுந்தது. பெட்டியைத் திறந்ததும் ஈரத்துணியை மூடிவைத்துத் திறந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. அண்ணன் மூக்கைச் சுளித்தார். கையேட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதன் அடியில் இருந்தது ஃப்ளாப்பி. உறையின் நீண்ட ஜன்னலில் தெரிந்த தட்டு, கறுப்பாக இருக்கவேண்டியது, வெள்ளைப் புள்ளியாகப் பூசணம் பூத்திருந்தது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு, பஞ்சால், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தாள். பஞ்சு பழுப்பானது. பூசணத்தோடு தட்டின் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. அடியில் கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது.

கண்ணாடித்தாள் சுற்றிய அன்றைக்கே உள்ளே அகப்பட்டுக்கொண்ட ஈரம், வெளியே போக வழியில்லாமல் இத்தனை வருடம் உட்கார்ந்து தின்றிருக்கிறது. எவ்வளவு பத்திரமாக வைத்தாரோ அவ்வளவு பத்திரமாகக் கெட்டிருக்கிறது.

அண்ணன் அந்தப் பஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தார், கையுறை இல்லாமல். அவருடைய அறையில் இன்னும் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அக்காவுக்குத் தன் கஷ்டத்தைவிட அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. தனக்காகத் திறந்து, திறந்ததில் ஒன்றும் இல்லாமல், இருந்ததும் போச்சே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழவும் செய்தாள், பிறர் முன்னால் அழுகிற வழக்கமில்லாதவள்.

"நீ ஏன் அழறே?" என்று அண்ணன் எரிந்துவிழுந்தார். "அழவேண்டியவன் நான்." அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அலமாரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "அந்த எழவு ப்ரோக்ராமுக்கு என்னதான் வேணுமாம்?"

"கெட்ட கட்டம் வேணும். நல்லா இருந்தா உள்ள விடாது."

"அவ்வளவுதானே? நல்லதைத்தானே கொண்டுவர முடியலை? கெடுக்கறதுக்கு என்ன கஷ்டம்? கெடுத்துக் குடு!"

கோபத்தில் சொன்னார். சொன்ன பிறகு அவரே நின்றுவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

அதில் நியாயம் இருந்தது. மென்பொருள் முழுசாக இருக்கிறது, குறைவது ஒரு குறைதான். கெட்ட கட்டம் எங்கே இருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைசி வரிசை, முடிவிலிருந்து மூன்றாவது. அவளை உறுத்திய இடம் அவளுக்கு மறக்குமா? அசலைத் தொடவும் வேண்டாம். நல்ல நகல்கள் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அவற்றில் கைவைக்கலாம். கெட்டால் இன்னொன்று.

நகல்கள் போட்டாள். கருவிக்கு ஒழுங்காக எழுதத்தான் தெரியும், கெடுக்கத் தெரியாது, அதைக் கையால்தான் செய்யவேண்டும். உறையின் ஜன்னல் வழியாகத் தட்டைத் தொட்டு, அந்த ஒரே ஒரு கட்டத்தைக் காயப்படுத்தவேண்டும். பக்கத்துக் கட்டங்களுக்குப் படக்கூடாது. ஒரு குண்டூசியை எடுத்தாள். தட்டின் மேல் கொண்டுபோனாள். நின்றது கை. எத்தனையோ வருடமாக இந்தத் தட்டுகளின் மேல் விரல்ரேகைகூடப் படாமல் பார்த்தவள். கை கீழே இறங்கமாட்டேன் என்றது.

"தள்ளு" என்று அண்ணன் ஊசியை வாங்கிக் குத்தினார். அவர் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தக் குத்தில் இறங்கிவிட்டது. தட்டு கிழிந்தே போனது.

"ரெண்டு பேரும் நகருங்க" என்றார் அதுவரை வாய் திறக்காத பேட்ஜ்காரம்மா. ரவிக்கைக் கழுத்தின் உள்பக்கம் குத்தி வைத்திருந்த ஊசியைக் கழற்றி, வால் நூலை உருவிவிட்டு, அக்காவிடம் நீட்டினார். "குண்டூசியால குத்தினா இப்படித்தான் ஆகும். இது மெலிசு. நான் பிடிச்சுக்கறேன், நீ குத்து. குத்தாதே, தொடு. தொட்டுட்டு எடு."

அந்தம்மா தட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தார், சட்டத்தில் துணியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி. அக்கா தொட்டாள். எடுத்தாள். சோதனைக் கருவியில் போட்டார்கள். புள்ளி, புள்ளி, புள்ளி. பெருக்கல் குறி கடைசிக்கு முந்தைய வரிசையில் வந்தது.

"இன்னும் உள்ள, நடுப்பக்கமா" என்றார் அண்ணன், திரைப் பக்கம் நின்று.

அடுத்த நகல். வரிசை சரி, கட்டம் தப்பு. அதற்கடுத்ததில் மூன்று கட்டங்கள் ஒன்றாகப் போயின. அந்தம்மா சலிக்கவில்லை. "ஒரு கண்ணு போட ஆயிரம் தடவை பிரிச்சிருக்கேன்" என்றார். வெயில் ஜன்னலிலிருந்து மேசைக்கு வந்து, மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது. அக்காவின் கைத் தயக்கம் எப்போது நின்றது என்று அவளே கவனிக்கவில்லை.

பிறகு ஒன்றில் அது வந்தது. கடைசி வரிசை, முடிவிலிருந்து மூன்றாவது, பெருக்கல் குறி. சுற்றிலும் புள்ளிகள். தன் வாழ்நாளில் ஒரு பழுதைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஃப்ளாப்பியை அந்தம்மாவின் கம்ப்யூட்டரில் போட்டார்கள். டிரைவ் கர்ரென்று உறுமியது, கடைசி வரிசைக்குப் போய் ஒருதரம் தடுமாறியது, இன்னொருதரம் தடுமாறியது. திரை இருண்டது. பிறகு சிங்கத்தலை வந்தது.

அந்தம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு டிசைனாகத் திறந்தார். பள்ளிக்கூடத்து விளக்கு, காவலாளிகளின் சாவிக்கொத்து, ஏதோ ஒரு பந்தாட்டக் குழுவின் பருந்து. எல்லாம் இருந்தன. பருந்தின் கண் கொஞ்சம் கோணல் என்று அக்காவுக்குப் பட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதே இடத்தில் இன்னும் இரண்டு நகல்களைக் காயப்படுத்தி, ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தாள். அண்ணன் பூசணப் பெட்டியைத் துவாலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை பஞ்சு, பிரஷ் எல்லாம் எடுத்துட்டு வீட்டுக்கு வா. மத்ததையும் பார்த்துடலாம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். "வர்றேன் அண்ணே" என்றாள்.

பேட்ஜ்காரம்மா கம்ப்யூட்டருக்குப் போர்வை சுற்றினார். அக்கா ஃப்ளாப்பிகள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு நீட்டினாள். அந்தம்மா அதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மிச்சத்தை, தன் பழைய அசலையும் சேர்த்து, அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இதெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்."

"என்கிட்டயாம்மா? நான் பண்ணின வேலைக்கு அப்புறமுமா?"

"வீட்டுல வெச்சா மருமக எங்கேயாவது போட்டுடுவா. வேற கடையில குடுத்தா, கெட்டதுன்னு பார்த்து எவனாவது சரிபண்ணிடுவான்." அந்தம்மா அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார். "கெடுத்தவ கையிலதான் பத்திரமா இருக்கும். நீ வந்து சொன்னியே, அதுக்கப்புறம் வேற யாரைப் போய் நம்புவேன்?"

சக்கரப் பை கடகடவென்று தெருவில் போய் மறைந்தது. அக்கா உறையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, மேசைமேல் கிடந்த ஊசியைப் பார்த்தாள். அந்தம்மா மறந்துவிட்டுப் போயிருந்தார். நாளைக்கே போய்க் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.